வேகத்தைப் பார்க்கும் முன் வாரண்டித் தாளைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒருவர், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஜெட் படகு வாங்கப் போவதாக எழுதியிருந்தார். "மூன்று வருட வாரண்டி இருக்கும்போது எஞ்சினைப் பற்றி எதற்குக் கவலை?" என்று முடித்திருந்தார். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் என் மச்சானும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் படகுக்கு முன்பணம் கட்டினோம். கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால், மணிக்கணக்குகளை மட்டும் தயவு செய்து வெட்டாதீர்கள். சொல்ல வந்த விஷயமே அதில்தான் இருக்கிறது.

நான் சரக்குக் கப்பல்களில் 22 வருடம் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு பேரப்பிள்ளைகளைத் தண்ணீரில் கூட்டிக்கொண்டு போக ஒரு படகு வேண்டும் என்று ஆசைப்பட்டோம். பின்பக்கம் புரொப்பல்லர் சுழலும் படகு வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து. படகின் பின்படியில் குழந்தைகள் ஏறி இறங்குவார்கள், அங்கே வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பிளேடு இருக்கக்கூடாது. அதனால் ஜெட் படகு. அந்த முடிவில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை.

ஜெட் படகு பிறந்ததே புரொப்பல்லர் போக முடியாத தண்ணீருக்காகத்தான். நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர், கூழாங்கல் நிறைந்த, முழங்கால் அளவுகூட ஆழமில்லாத ஆறுகளில் எதிர்நீச்சல் போட ஒரு படகு வேண்டும் என்று 1950களில் பாடுபட்டு உருவாக்கியது அது. 1960-ல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறின. அடியில் தண்ணீரை உறிஞ்சி, இம்பெல்லர் என்ற சுழலும் இறக்கைச் சக்கரத்தால் தள்ளி, பின்னால் ஒரு குழாய் வாய் வழியாகப் பீய்ச்சுவது. தத்துவம் அவ்வளவுதான்.

இந்த எளிய பம்பின் தலையில் சூப்பர்சார்ஜர் எஞ்சினைக் கொண்டு வந்து இணைக்கும்போது என்ன நடக்கிறது என்று விற்பனைக்கூடத்தில் யாரும் சொல்வதில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை.

முதலில் சக்தியைப் பார்ப்போம். ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் 1630 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் சூப்பர்சார்ஜர் இல்லாமல் 170 குதிரைத்திறன் வரை தருகிறது. அதே 1630 சிசியில் சூப்பர்சார்ஜரோடு 300 குதிரைத்திறன் தரும் ரகமும் உண்டு. யமஹாவின் 1812 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினிலும் சூப்பர்சார்ஜர் இல்லாதது ஒன்று, இருப்பது ஒன்று என்று இரண்டு ரகம் உண்டு. எஞ்சின் பெரிதாகவில்லை. உள்ளே அதிகக் காற்றைத் திணித்து, அதற்கேற்ப அதிகப் பெட்ரோலை எரிக்கிறோம். காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டை இறக்க இன்டர்கூலர் வேண்டும். ஆக்டேன் குறைந்த, அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன் குறைந்த பெட்ரோல் போட்டால் எஞ்சினுக்குள் தட்டல் விழும், பிஸ்டன் கெடும். அதிகப்படியாகக் கிடைக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் பேரிங், கேஸ்கெட், பிஸ்டன் வளையம் என்று ஏதோ ஒன்று கூடுதலாக உழைக்கிறது.

கார் எஞ்சினோடு இதை ஒப்பிடுவது தவறு. கார் சமதளச் சாலையில் சீராகப் போகும்போது எஞ்சின் தன் பலத்தில் ஒரு சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. படகுக்குச் சமதளச் சாலையே கிடையாது. தண்ணீர் எப்போதும் பிடித்து இழுக்கும். ஏற்றத்தில் பாரத்தோடு நிற்காமல் ஏறும் லாரியின் நிலைதான் படகு எஞ்சினுக்கு, அதுவும் நாள் முழுக்க. அதிலும் ஜெட் படகில் எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவே கியர் பெட்டி கிடையாது. நேரடி இணைப்பு. பெரிய அலை ஒன்றில் படகு எம்பி, பம்பு ஒரு நொடி தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சினால் போதும், பாரம் சட்டென்று மறைந்து எஞ்சின் எகிறும். மறு நொடி படகு தண்ணீரில் விழுந்ததும் பாரம் முழுதாக வந்து உட்காரும்.

கப்பல் எஞ்சின்களில், காற்றைத் திணிக்கும் இன்னொரு கருவியான டர்போவோடுதான் என் காலம் போனது. டர்போவைப் புகை சுழற்றும். எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் தண்டோடு அதற்குப் பற்சக்கரத் தொடர்பு கிடையாது. எஞ்சின் வேகம் குறைந்தால் அது தன்பாட்டில் சுற்றி அடங்கும். இந்தப் படகுகளின் சூப்பர்சார்ஜர் அப்படி இல்லை. கிராங்க் தண்டின் சுழற்சியைப் பற்சக்கரம் வழியாகப் பெருக்கிக்கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு காற்றுச் சக்கரம் நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. எஞ்சின் எகிறி விழும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி பற்சக்கரத்தில்தான் இறங்கும். அதைத் தாங்கத்தான் சில வடிவமைப்புகளில் வழுக்கும் கிளட்ச் வைக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தக் கிளட்ச்சில் செராமிக் வாஷர் போட்ட எஞ்சின்கள் வந்தன. வாஷர் நொறுங்கினால் துகள் ஆயிலில் கலந்து எஞ்சின் முழுக்கச் சுற்றும். பிறகு உலோக வாஷருக்கு மாறினார்கள். கிளட்ச் இருக்கும் எஞ்சினில் கண்ட ஆயிலை ஊற்றவும் முடியாது. வழவழப்பைக் கூட்டும் சேர்மானம் உள்ள ஆயில் போட்டால் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கும், காற்றழுத்தம் ஏறாது, உச்ச வேகம் வராது.

இனி எங்கள் கதை. டீலர் பெயரோ எஞ்சின் பெயரோ இங்கே வேண்டாம். யாரையும் சந்தி சிரிக்க வைப்பது என் நோக்கமில்லை.

முதல் ஆண்டு படகு ஓடியது 38 மணி நேரம். மழை, காற்று, பள்ளிக்கூடம், உடம்பு சரியில்லாத வாரங்கள் எல்லாம் போக அவ்வளவுதான் தேறும். சொந்தத்துக்குப் படகு வைத்திருப்பவர்கள் பலருக்கும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும். கப்பல் பழக்கத்தில் நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று காட்டுகிறது என்று எழுதுவேன். புதிதில் 7,500. இரண்டாம் ஆண்டு நடுவில் 7,300. அடுத்த வாரம் 7,100. படகு ஓடத்தான் செய்தது. பின்னிருக்கையில் இருந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 61-வது மணி நேரத்தில் 6,800 ஆனபோது தரையில் ஏற்றிவிட்டேன்.

டீலரின் ஒர்க்‌ஷாப்பில் பம்பில் பாசி சிக்கியிருக்கும் என்றார்கள். பார்த்தார்கள், இல்லை. இம்பெல்லர் தேய்ந்திருக்கும் என்றார்கள். இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரிலும் சிறு பங்கு இடைவெளிதான். மணல் போனால் அது அகன்றுவிடும் என்பது உண்மை. ஆனால் எங்கள் வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நான் ஆயில் ஃபில்டரைக் கழற்றித் தரச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து கூட்டை வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை உருவி, வெள்ளைத் துணியில் விரித்தேன். வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது மடிப்பின் அடியோரத்தில் சரிகைத் தூள் போல மினுக்கியது. காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. இரும்பு. அப்புறம்தான் சூப்பர்சார்ஜரைக் கழற்ற மெக்கானிக் சம்மதித்தார். தண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன். அசையவே கூடாத தண்டு, 'டிக் டிக்' என்று விரலுக்குத் தெரியும்படி ஆடியது. பேரிங் போயிருந்தது.

இத்தனைக்கும் படகு வாங்கி இரண்டு வருடம் முடியவில்லை. வாரண்டி மூன்று வருடம். பிரச்சினை இல்லை என்றுதான் நினைத்தோம்.

நாங்கள் அனுப்பிய வாரண்டிக் கோரிக்கை மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. முதல் ஆண்டு முடிவில் ஆயில் மாற்றியது நான். ஆயில் அவர்கள் சொன்ன ரகம், ஃபில்டர் அவர்களுடைய ஃபில்டர், இரண்டுக்கும் பில் இருந்தது. ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் டீலரின் முத்திரை இல்லை. "பராமரிப்புக்கு ஆதாரம் இல்லை" என்று ஒரு வரி. மச்சான் கோபத்தில் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டார். நான் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, பில்லோடு, ஆயில் டப்பாவின் தொகுதி எண்ணோடு மறுபடி அனுப்பினேன். எஞ்சினின் கணினிப் பதிவை எடுத்துப் பார்க்கும்படியும் எழுதினேன். எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த வேகத்தில் எவ்வளவு நேரம், எப்போதாவது அதிகச் சூடானதா என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் பதிவில் ஒரு தப்பும் இல்லை. கடைசியில் பாகத்தைக் கொடுத்தார்கள். கூலி எங்கள் தலையில். படகு ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது 11 வாரம். அந்த 11 வாரமும் வாரண்டிக் கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்டதற்கு, "தேதி தேதிதான் சார்" என்றார்கள்.

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வாரண்டி நாட்காட்டியைப் பார்த்து ஓடுகிறது. எஞ்சின் மணிக்கணக்கைப் பார்த்துத் தேய்கிறது. இந்த இரண்டும் சந்திப்பதே இல்லை. சூப்பர்சார்ஜரைக் கழற்றிப் புதுப்பிக்கும் வேலையைப் பழைய எஞ்சின்கள் சிலவற்றுக்கு 100 மணி நேரத்தில் செய்யச் சொன்னார்கள், பிறகு வந்தவற்றுக்கு 200 என்றார்கள், புதிய எஞ்சின்கள் சிலவற்றுக்கு அப்படி ஒரு கெடுவே இல்லை என்கிறார்கள். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு 40 மணி நேரம் ஓட்டுபவருக்கு 200 மணி நேரம் என்பது ஐந்தாவது வருடம். மூன்று வருட வாரண்டி 120-வது மணி நேரத்திலேயே முடிந்துவிடும். எஞ்சின் உண்மையில் சோதனைக்கு வரும் நேரத்தில் காகிதம் காலாவதியாகியிருக்கும். கெடு குறிக்காத எஞ்சினிலும் பேரிங் பேரிங்தான், தேய்மானம் அதை விட்டுவிடாது. அதோடு அந்தப் புதுப்பிக்கும் வேலை 'பராமரிப்பு' என்ற கணக்கில் வருமே தவிர 'பழுது' என்ற கணக்கில் வராது. வாரண்டி உயிரோடு இருந்தாலும் அதற்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும்.

வாரண்டித் தாளில் 'பொருந்தாதவை' என்று ஒரு பகுதி பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் தாளில் அது 'பொருந்துபவை' பகுதியைவிட நீளம். இம்பெல்லர், அதைச் சுற்றிய வளையம் ஆகியவை தேய்மானப் பொருள்கள், வராது. கயிறு, கல், மணல் உறிஞ்சியதால் வரும் சேதம் வராது. வாடகைக்கோ போட்டிக்கோ ஓட்டினால் வராது. எஞ்சின் கணினியில் கை வைத்து வேகத்தைக் கூட்டியிருந்தால் மொத்தமாகப் போச்சு. முக்கியமானது ஒன்று: எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் வராது.

இந்தத் தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எஞ்சின்கள் இதனால் வீட்டு வாசலிலேயே செத்துப் போகின்றன. உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்தால் ஹோஸ் மாட்டி நல்ல தண்ணீரால் அலச வேண்டும். இந்த எஞ்சின்களில் முதலில் எஞ்சினை ஓட விட வேண்டும், அப்புறம்தான் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூட வேண்டும், சில நொடி கழித்து எஞ்சினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால், வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இல்லாததால் புகைக்குழாயில் தண்ணீர் நிரம்பி, பின்வழியாக சிலிண்டருக்குள் ஏறும். தண்ணீரை அழுத்த முடியாது. அடுத்த முறை ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். மச்சான் ஹோஸைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்று "எஞ்சின், தண்ணீர், தண்ணீர், எஞ்சின்" என்று வாய்விட்டுச் சொல்வேன். இன்றைக்கும் அப்படித்தான். பேத்திகூட இதை மனப்பாடமாகச் சொல்வாள்.

இன்னொரு சிக்கல், படகின் உடலுக்கு ஒரு நிறுவனம், எஞ்சினுக்கு வேறொரு நிறுவனம் வாரண்டி தருவது. அடிப்பக்கத்தில் பம்பு பொருந்தும் இடத்தில் கசிவு வந்தால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். எழுத்தில் வாங்காமல் விட்டால் நடுவில் நிற்பது நாம்தான்.

இப்போது அந்த வாசகருக்கு நேரடியாக ஒரு வார்த்தை. சூப்பர்சார்ஜர் கூடாது என்று நான் சொல்லவில்லை. எட்டுப் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு பனிச்சறுக்கு போல ஒருவரைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதென்றால் அந்த இழுவை வேண்டும். உயரமான மலை ஏரியில் ஓட்டுவதென்றாலும் அதற்கு நியாயம் இருக்கிறது. சாதா எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், சூப்பர்சார்ஜர் எஞ்சினும் இழக்கும்தான், ஆனால் அதனிடம் மிஞ்சும் சக்தி அதிகம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மனைவி, இரண்டு குழந்தைகள், சனி ஞாயிறு. அதற்கு சாதா எஞ்சின் போதும். கழற்ற வேண்டிய சூப்பர்சார்ஜர் இல்லை, இன்டர்கூலர் இல்லை, வழுக்கும் கிளட்ச் இல்லை. நேராக ஓடும்போது உச்ச வேகம் கொஞ்சம் குறையலாம். அதைக் குழந்தைகள் கவனிக்க மாட்டார்கள்.

பழைய படகைப் பார்ப்பதாகவும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் சிலிண்டர் ஒவ்வொன்றிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளக்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி வருகிறதா என்பதுதான் முக்கியம். கணினிப் பதிவை அச்செடுத்துக் கேளுங்கள். சூப்பர்சார்ஜர் புதுப்பித்த பில் இருக்கிறதா என்று பாருங்கள், "செய்தாச்சு சார்" என்ற வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். பில் இல்லை என்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள். மீதி வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா, மாற்ற எத்தனை நாள் அவகாசம் என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விற்பவர்களிடம் நான் கேட்பது நான்கு. ஒன்று, சூப்பர்சார்ஜர் புதுப்பிக்கும் கெடுவையும் அதற்கான செலவையும் படகின் விலைப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும். இரண்டு, படகு ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களை வாரண்டியில் திரும்பச் சேர்க்க வேண்டும். மூன்று, சரியான ஆயில், சரியான ஃபில்டர் வாங்கியதற்குப் பில் காட்டினால், வேலையை உரிமையாளரே செய்திருந்தாலும் ஏற்க வேண்டும். நான்காவது, வாரண்டி விற்ற தேதியிலிருந்து இல்லாமல் படகு முதன்முதலில் தண்ணீரில் இறங்கிய தேதியிலிருந்து தொடங்க வேண்டும். சலுகை விலை என்று பருவம் முடிந்த பிறகு படகை வாங்கி ஐந்து மாதம் தார்ப்பாயின் கீழ் வைத்திருப்பவர், அந்த ஐந்து மாத வாரண்டியை எஞ்சினை ஒருமுறைகூட முடுக்காமலே இழக்கிறார். எங்களுக்கும் அப்படித்தான் போனது.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். வாகனப் பக்கத்தில் படகுகளைப் பற்றி எழுதும்போது குதிரைத்திறன், உச்ச வேகம், நிறம் எல்லாம் போடுகிறீர்கள். அதே கட்டத்தில் இரண்டு வரி சேருங்கள்: வாரண்டி எத்தனை வருடம், சூப்பர்சார்ஜர் வேலை எத்தனை மணி நேரத்தில். இந்த இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் அச்சில் வந்தால், வாங்குபவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

எங்கள் படகு இப்போது 187 மணி நேரத்தில் இருக்கிறது. உச்ச வேகம் 7,450 சுற்று. போன வாரம் ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டித் துணியில் விரித்துப் பார்த்தேன், மினுக்கம் இல்லை. அந்த வாசகர் விரும்பினால் என் குறிப்பேட்டின் நகலை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன். எந்தெந்த மணி நேரத்தில் என்னென்ன பார்த்தேன் என்பது தேதியோடு அதில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அவர் கைக்கு அது கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவர்